நான் வாசித்தது எங்கே போயிற்று?

நம் சங்கத்தின் செயற்குழு சென்ற மாதம் ஒரு முடிவு எடுத்திருக்கிறது. வருகிற பொங்கல் விழாவில் குழந்தைகள் பாடும் பாட்டுகளுக்கெல்லாம் பின்னணி இசை பென்டிரைவிலிருந்தே ஒலிக்கும். கீபோர்டு வாசிப்பு வேண்டாம். வேண்டுமானால் பார்வைக்காக ஒன்றை மேடையில் வைத்துக்கொள்ளலாம். இதுதான் முடிவு. கூட்டத்தில் நானும் இருந்தேன். எதிர்த்துப் பேச வாயெடுத்தபோது டீ வந்துவிட்டது. டீக்குப் பிறகு ஹால் வாடகை பற்றிய விவாதம். அதில் ஒரு மணி நேரம் போயிற்று. அங்கே சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன். செயற்குழு அன்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. இதில் பாதிக் குற்றம் என்னுடையது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

2025 ஜனவரியில் நடந்த பொங்கல் விழா பலருக்கு நினைவிருக்கும். பாரதியார் பாட்டு ஒன்றை எட்டுக் குழந்தைகள் சேர்ந்து பாடினார்கள். ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் குழந்தை கீபோர்டு வாசித்தாள். பாட்டுக்கு முன்னால் வரும் புல்லாங்குழல் பகுதியை மூன்று மாதம் பழகி வைத்திருந்தாள். கைதட்டல் பலமாகவே இருந்தது. பிறகு பந்தியில் ஓர் அம்மாள், "என்னமா வாசிச்சே!" என்று அவள் கன்னத்தைத் தடவினார். குழந்தை பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தாள். அவள் வாசித்ததில் ஒரு ஸ்வரம்கூட அன்று யார் காதிலும் விழவில்லை என்பது அவளுக்கும் எனக்கும் செயலாளருக்கும் மட்டும்தான் தெரியும்.

நடந்தது இதுதான். சங்கம் வாங்கி வைத்திருக்கும் கீபோர்டு நாற்பத்தொன்பது கட்டைகள் கொண்ட சிறிய கருவி. அதற்குச் சொந்தக் குரல் கிடையாது. யூ.எஸ்.பி. கேபிளால் லேப்டாப்போடு இணைத்தால், லேப்டாப்பில் உள்ள இசை மென்பொருள்தான் குழலாகவும் வயலினாகவும் ஒலிக்கும். மாலை நாலு மணி ஒத்திகையில் எல்லாம் ஒழுங்காக வந்தது. அதன் பிறகு கரும்பு கட்டுவதற்காக மேசையை மேடையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நகர்த்தினோம். கேபிளைக் கழற்றி மறுபடி செருகியவன் நான்தான். ஆறரை மணிக்குக் கட்டையை அழுத்தினால் சத்தம் இல்லை. கீபோர்டில் விளக்கு எரிகிறது. லேப்டாப் எப்போதும்போல் இருக்கிறது. ஒலிபெருக்கியும் வேலை செய்கிறது. தலைமை விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். செயலாளர் தம் கைப்பேசியில் அதே பாட்டின் இசை இருப்பதாகச் சொன்னார். நான் குனிந்து அந்தக் குழந்தையின் காதில், "விரலை மட்டும் அசை கண்ணு, யாருக்கும் தெரியாது" என்றேன். முப்பத்தெட்டு வருஷம் ரயில்வே சிக்னலில் வேலை பார்த்தவன் சொல்லக்கூடிய பேச்சா இது? சொல்லிவிட்டேன். அவளும் அசைத்தாள்.

வீட்டுக்குக் கிளம்பும்போது, செருப்பு விடும் இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "தாத்தா, நான் வாசிச்சது எங்க போச்சு?" என்றாள்.

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. லேப்டாப்பையும் கீபோர்டையும் வீட்டுக்கு எடுத்துப் போய் மூன்று மாலைகள் உட்கார்ந்த பிறகு தெரிந்தது. பதில் தெரிந்த பிறகுதான், பென்டிரைவுக்குப் போய்விடுவது தவறு என்ற அபிப்பிராயமும் எனக்கு உறுதியாயிற்று. அதனால் முதலில் பதிலைச் சொல்கிறேன். வீட்டில் கீபோர்டு வாங்கி வைத்திருக்கும் குடும்பங்களுக்கும் இது உபயோகப்படும்.

முதலில் நம்மில் பலரிடம் உள்ள ஒரு தவறான எண்ணத்தை நீக்க வேண்டும். கீபோர்டிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும் கேபிளில் சங்கீதம் போவதில்லை. ஒலியே போவதில்லை. ரயில்வேயில் பழைய ஆட்களுக்கு ஓர் உதாரணம் சொன்னால் உடனே புரியும். பக்கத்துப் பக்கத்து ஸ்டேஷன்களுக்கு நடுவே பிளாக் கருவி இருக்கும். இந்த ஸ்டேஷன் மாஸ்டர் குமிழை அழுத்தினால் அந்த ஸ்டேஷனில் மணி அடிக்கும். இத்தனை அடி என்றால் இன்ன பொருள் என்று கணக்கு உண்டு. கம்பி வழியே மணியோசை போகவில்லை. அடி என்ற செய்திதான் போயிற்று. மணி அங்கே இருக்கிறது. அது வெண்கல மணியா, தேய்ந்த மணியா என்பது அந்த ஸ்டேஷனின் பாடு. கண்ட்ரோல் டெலிபோன் இதற்கு நேர்மாறு. அதில் பேசுகிறவரின் குரலே போகிறது. மைக் கேபிள் டெலிபோனைப் போன்றது; மிடி கேபிள் பிளாக் மணியைப் போன்றது.

மிடி என்பது எலெக்ட்ரானிக் வாத்தியங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்காக ஏற்படுத்திய மொழி. 1983-ல் அமெரிக்காவில் நடந்த இசைக் கருவிகள் வணிகக் கண்காட்சியில் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் வாத்தியத்தையும் ஒரு ஜப்பானிய நிறுவனத்தின் வாத்தியத்தையும் ஒரே கம்பியால் இணைத்து, ஒன்றில் வாசித்ததை மற்றொன்றில் ஒலிக்கச் செய்து காட்டினார்கள். சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் கம்பெனியின் டேவ் ஸ்மித், ரோலண்டு கம்பெனியின் இகுதாரோ காகேஹாஷி ஆகிய இருவரும் இதற்கு முக்கிய காரணகர்த்தர்கள். போட்டிக் கம்பெனிகள் தங்களுக்குள் ஒரு பொது மொழியை ஒத்துக்கொண்டது அபூர்வம். நம் நாட்டில் மீட்டர் கேஜ், பிராட் கேஜ் என்று நூறு வருஷத்துக்கு மேல் அவஸ்தைப்பட்ட எங்களுக்கு அதன் அருமை தெரியும். 2013-ல் இருவருக்கும் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கொடுத்தார்கள்.

ஒரு கட்டையை அழுத்தினால் கேபிளில் போவது மூன்றே எண்கள். எந்தச் சேனலில் ஸ்வரம் தொடங்குகிறது என்பது ஒன்று. எந்தக் கட்டை என்பது இரண்டாவது. இது 0 முதல் 127 வரை, நடு ஸ்தாயி 'சி' என்றால் 60. எவ்வளவு வேகமாக அழுத்தினார்கள் என்பது மூன்றாவது. இதுவும் 127 வரைதான். ஐந்து முள் வட்டச் செருகி உள்ள பழைய முறையில் விநாடிக்கு 31,250 பிட் வேகம். ஒரு ஸ்வரத்துக்கு முப்பது பிட். ஆகவே ஒரு ஸ்வரம் போய்ச் சேர ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிதான். (ஐந்து முள்ளில் வேலை செய்வது மூன்றே. மீதி இரண்டும் நம் கமிட்டி மெம்பர்கள் மாதிரி என்று என் மனைவி சொன்னார். நான் சொல்லவில்லை.)

இனி போர்ட் விஷயம். போர்ட் என்றால் செய்தி நுழையும் வாசல் அல்லது வெளியேறும் வாசல். எங்கள் பாஷையில் சொன்னால், ஒரு ஸ்டேஷனின் ஸ்டார்ட்டர் சிக்னலைத் தாண்டிப் புறப்பட்ட வண்டி அடுத்த ஸ்டேஷனின் ஹோம் சிக்னலுக்குத்தான் வந்து சேர வேண்டும். ஸ்டார்ட்டரிலிருந்து ஸ்டார்ட்டருக்கு வண்டி விட முடியாது. அதேபோல் கீபோர்டின் 'அவுட்' கம்ப்யூட்டரின் 'இன்'னுக்குப் போக வேண்டும். இது தெரியாமல் 'இன்' என்று எழுதியதை 'இன்'னில் செருகிவிட்டு, கேபிள் கெட்டுவிட்டது என்று புதுக் கேபிள் வாங்கிய இரண்டு வீடுகள் எனக்குத் தெரியும். கடையில் கிடைக்கும் மலிவான கேபிள்களில் சிலவற்றில் செருகியின் வேலையை எழுதியிருப்பார்கள்; சிலவற்றில் எங்கே செருக வேண்டும் என்பதை எழுதியிருப்பார்கள். இரண்டும் 'இன்' என்றே இருக்கும். சந்தேகம் வந்தால் மாற்றிச் செருகிப் பாருங்கள். மிடி வாசல்களை மாற்றிச் செருகினால் எதுவும் எரிந்துபோகாது. உள்ளே வரும் வாசலில் மின்சாரம் நேரே நுழையாமல், ஒளியாக மாறித் தாண்டும்படி அமைத்திருக்கிறார்கள்.

எங்கள் கீபோர்டில் யூ.எஸ்.பி. என்பதால் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. கேபிள் ஒரே விதமாகத்தான் நுழையும். ஆனால் மென்பொருளுக்குள் போனால் அங்கேயும் வாசல்கள் இருக்கின்றன. ரீப்பர், கியூபேஸ், எல்.எம்.எம்.எஸ். என்று எதை எடுத்தாலும் அமைப்புகள் பகுதியில் மிடி சாதனங்களைப் பற்றிய ஓர் இடம் உண்டு. இணைத்திருக்கும் கருவிகளின் பெயர்கள் அங்கே வரிசையாக இருக்கும். எந்தப் பெயரிலிருந்து வரும் செய்தியை மென்பொருள் கேட்க வேண்டும் என்பதை நாம் ஒரு முறை சொல்லி வைக்க வேண்டும். சொல்லாவிட்டால் அது கேட்காது. நல்ல கேட் கீப்பர் அப்படித்தான் இருப்பார்.

முதல் நாள் மாலை நான் செய்தது, மிடி செய்திகளைக் கண்காணிக்கும் சிறு மென்பொருள் ஒன்றைத் திறந்தது. மிடி-ஆக்ஸ் என்று இலவசமாகக் கிடைக்கிறது. கட்டையை அழுத்தினால் வரும் எண்களை அப்படியே திரையில் காட்டும். சிக்னல் கேபிளில் கோளாறு என்றால் நாங்கள் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நடக்க மாட்டோம். நடுவில் உள்ள பெட்டியைத் திறந்து அதுவரை வருகிறதா என்று பார்ப்போம். வந்தால் கோளாறு அந்தப் பக்கம். வராவிட்டால் இந்தப் பக்கம். அரைவாசி வேலை மிச்சம். அதே எண்ணத்தில் திறந்தேன். ஆனால் கண்காணிக்கும் மென்பொருளே அந்தப் போர்ட்டைத் திறக்க முடியவில்லை என்று அறிவித்தது.

இங்கேதான் எனக்கு நீல்ஸ் டோக்கன் ஞாபகம் வந்தது. ஒற்றை ரயில் பாதையில் இரண்டு ஸ்டேஷன்களிலும் ஒவ்வொரு டோக்கன் கருவி இருக்கும். அவற்றுள் பல இரும்புப் பந்துகள். ஆனால் ஒரு நேரத்தில் ஒரே ஒரு பந்துதான் வெளியே வரும். அதைத் தோல் பையில் போட்டு வளையத்தோடு டிரைவர் கையில் கொடுப்பார்கள். அந்தப் பந்து திரும்ப ஒரு கருவிக்குள் போகும்வரை வேறு வண்டி அந்தப் பாதையில் நுழைய முடியாது. விண்டோஸில் நெடுங்காலமாக இருந்துவரும் டிரைவர் முறையில் மிடி போர்ட்டும் பெரும்பாலும் இப்படித்தான். ஒரு மென்பொருள் அதைத் திறந்து வைத்திருந்தால் இன்னொன்றுக்குக் கிடைக்காது. மேக், லினக்ஸ் கணினிகளில் இந்தத் தொல்லை கிடையாது. விண்டோஸின் புதிய மிடி முறையும் இதை நீக்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் சங்கத்தின் லேப்டாப் என்னைப் போல் பழையது.

அப்படியானால் டோக்கன் யாரிடம்? விழா முடிந்த அவசரத்தில் லேப்டாப்பை அணைக்காமல் மூடியே கொண்டு வந்திருந்தேன். அதனால் குற்றம் நடந்த இடம் கலையாமல் இருந்தது. தேடிப் பார்த்ததில், பாட்டின் ஸ்வரத் தாளை அச்செடுப்பதற்காக யாரோ திறந்த நொட்டேஷன் மென்பொருள் ஒன்று பின்னால் ஒதுங்கி நின்றது. மேசையை நகர்த்திய பிறகு, ஆறு மணி வாக்கில் திறந்திருக்கிறார்கள். தாள் வந்ததும் போய்விட்டார்கள், மூடவில்லை. குழந்தை வாசித்ததெல்லாம் அந்த மென்பொருளிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. கேட்பதற்கு ஆள் இல்லாத அறையில் மணி அடித்த கதை.

அதை மூடினேன். கண்காணிப்பில் எண்கள் அருவி மாதிரி கொட்டின. ஆக, கீபோர்டு நல்லது, கேபிள் நல்லது. சந்தோஷமாக இசை மென்பொருளுக்குப் போனேன். சத்தம் இல்லை! ஒரு கோளாறு என்றால் கண்டுபிடித்துவிடலாம். இரண்டு சேர்ந்து வந்தால்தான் மனுஷனுக்குத் தலைமுடி கொட்டுகிறது. இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. கண்காணிக்கும் மென்பொருளை மூடாமல் போனால், இப்போது டோக்கன் அதனிடம். நோய் பார்க்க வந்த டாக்டரே நோயாகிவிடுகிறார். அதையும் மூடினேன். அப்போதும் இல்லை. இரண்டாம் நாள் அதிலேயே போயிற்று.

மூன்றாம் நாள் மாலை அமைப்புகள் பக்கத்தை நிதானமாகப் படித்தேன். கீபோர்டின் பெயர் இரண்டு முறை இருந்தது. ஒன்று வெறும் பெயர், இணைப்பு இல்லை என்ற குறிப்போடு. மற்றொன்றில் அதே பெயருக்கு முன்னால் '2-' என்று ஒட்டியிருந்தது. மேசையை நகர்த்தியபோது நான் கேபிளை லேப்டாப்பின் இடது துளைக்குப் பதில் வலது துளையில் செருகியிருக்கிறேன். தனக்கென்று சீரியல் நம்பர் சொல்லாத மலிவான கருவியாக இருந்தால், துளை மாறியதும் விண்டோஸ் அதைப் புதுக் கருவி என்று எண்ணி இன்னொரு பெயரில் பதிந்துகொள்கிறது. மென்பொருளோ பழைய பெயருக்காகக் காத்திருக்கிறது. வாசலில் வந்து நிற்கிறவர் ராமசாமிதான். ஆனால் '2-ராமசாமி' என்கிறார். உள்ளே விடவில்லை. புதிய பெயருக்கு நேரே அனுமதி கொடுத்தேன். நிமிஷம்கூட ஆகவில்லை. புல்லாங்குழல் ஒலித்தது. ராத்திரி பதினோரு மணிக்கு மேல் வீட்டில் வாசித்துத் திட்டு வாங்கினேன்.

மூன்று மாதம் பழகிய ஒரு குழந்தையின் உழைப்பை நாம் ஒரு துளைக்கும் மூடாத ஒரு மென்பொருளுக்கும் பறிகொடுத்திருக்கிறோம். இதற்காகக் கீபோர்டையே மேடையிலிருந்து இறக்க வேண்டுமா?

வேறு சில கோளாறுகளையும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மென்பொருளைத் திறந்த பிறகு கீபோர்டைச் செருகினால் பல மென்பொருள்கள் கவனிக்காது. முதலில் கருவி, பிறகு மென்பொருள். அமைப்பில் அனுமதி கொடுத்தால் மட்டும் போதாது. பாட்டின் அந்தத் தடத்துக்கும் எந்தப் போர்ட்டைக் கேட்பது என்று சொல்லி, கேட்கும் நிலையில் வைக்க வேண்டும். கட்டையை அழுத்தியதற்கும் ஒலி வருவதற்கும் இடைவெளி தெரிந்தால் அது மிடியின் குற்றம் அல்ல. ஒலி வெளியேறும் பஃபர் பெரிதாக இருக்கிறது. 44,100 மாதிரி வேகத்தில் 2,048 என்று வைத்தால் விநாடியில் இருபதில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான தாமதம். தாளத்தோடு வாசிக்கும் குழந்தை தடுமாறும். 256 என்றால் ஆயிரத்தில் ஆறு பங்குதான், தெரியாது. சொந்தக் குரல் உள்ள கீபோர்டை லேப்டாப்போடு இணைத்தால் ஒரே ஸ்வரம் இரட்டையாகக் கேட்கக்கூடும். கீபோர்டில் 'லோக்கல்' என்ற அமைப்பை நிறுத்திவிட்டால் சரியாகும்.

சேனல் என்று ஒன்று சொன்னேன். ஒரு போர்ட்டில் பதினாறு சேனல்கள். 1991-ல் ஏற்படுத்திய பொது ஒலி முறைப்படி பத்தாவது சேனல் தாள வாத்தியங்களுக்கு மட்டும். கோடையில் என் வீட்டில் ஒரு பையன் பழகும்போது சேனல் எப்படியோ பத்துக்கு மாறிவிட்டது. பயபக்தியோடு பிள்ளையார் பாட்டைத் தொடங்கினான். ஸ வருகிற இடத்தில் டிரம், ரி வருகிற இடத்தில் ஜால்ரா, நடுவில் ஒரு விசில். சமையலறையிலிருந்து வந்து பார்த்த அவன் பாட்டி, பிள்ளையாருக்கு இதுவும் பிடிக்கும் என்றார்.

இப்போது, செயற்குழு அன்பர்கள் சொன்ன காரணங்களுக்கு வருகிறேன். அவற்றை நான் அலட்சியப்படுத்தவில்லை. பென்டிரைவ் தப்பு செய்யாது; நேரத்துக்கு முடியும்; விருந்தினர் முன்னால் சங்கத்துக்குத் தலைகுனிவு வராது. எல்லாம் உண்மை. பின்னணி இசை எப்படி வந்தது என்பதும் எனக்குத் தெரியும். எண்பதுகளில் நம் மேடையில் ஆர்மோனியம் வாசித்தவர் ரயில்வே கணக்குப் பிரிவில் இருந்தார். மிருதங்கம் தபால்தந்தி இலாகா. வயலினுக்கு ஒரு பள்ளி ஆசிரியை. ஒவ்வொருவராக ஓய்வு பெற்று தாம்பரத்துக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் இடத்துக்கு யாரும் வரவில்லை. இந்த ஊரில் மிருதங்கம் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் கேஸட் வந்தது, பிறகு சி.டி., இப்போது பென்டிரைவ். ஆள் இல்லாதபோது அது சரி. ஆனால் இன்று நம் குடும்பங்களில் என் கணக்குக்கே ஒன்பது வீடுகளில் கீபோர்டு இருக்கிறது. நாலு குழந்தைகள் ஒழுங்காக வாசிக்கிறார்கள். வாசிக்க ஆள் இருக்கும்போது பென்டிரைவை மேடையேற்றுவது, வீட்டில் சமைக்க ஆள் இருந்தும் பந்திக்கு வெளியிலிருந்து பொட்டலம் வாங்குவது போல.

அதுவும் 'பார்வைக்கு ஒன்றை வைத்துக்கொள்ளலாம்' என்ற வாசகம் எனக்குச் சற்றும் ஒப்பவில்லை. அது யார் மனதில் முளைத்தது என்று யோசித்தால், அன்று நான் அந்தக் குழந்தையின் காதில் சொன்னதுதான் தீர்மானமாக வளர்ந்து நிற்கிறது. நான் அவசரத்தில் செய்த தவற்றை நீங்கள் நிதானமாகச் செய்கிறீர்கள். தமிழ் பேசவே கூச்சப்படும் பிள்ளைகள் இங்கே அதிகம். வருஷத்தில் ஒரு நாள் இருநூறு தமிழர் முன்னால் உட்கார்ந்து எதையாவது தானே செய்து காட்டும் சந்தர்ப்பம் அவர்களுக்கு வேறு எங்கே கிடைக்கிறது? தப்பாக வாசித்தால் என்ன? நம் பந்தியில் சாம்பாரில் உப்பு கூடிய வருஷங்கள் இல்லையா? அடுத்த வருஷமும் வந்து உட்காரத்தானே செய்தோம்.

இன்னொரு ஆட்சேபம் மூத்த அம்மாள் ஒருவருடையது. கீபோர்டில் கமகம் வராது, அது நம் சங்கீதமே இல்லை என்கிறார். இதில் பாதி நியாயம் இருக்கிறது. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே உள்ள இடத்தில்தான் நம் ராகங்கள் குடியிருக்கின்றன. இதே காரணத்தைச் சொல்லித்தான் 1940-ல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கி வைத்தது. 1971-ல்தான் அந்தத் தடை தளர்ந்தது. ஆனால் மிடியில் ஸ்வரத்தை வளைப்பதற்கென்றே தனிச் செய்தி இருக்கிறது. கீபோர்டின் இடது ஓரத்தில் உள்ள சக்கரத்தைத் திருப்பினால் அது போகும். ஸ்வரங்களுக்கு 128 எண்கள்தான் என்றால் வளைவுக்கு 16,384 படிகள். சாதாரணமாக இரண்டு அரை ஸ்வரம் மேலே, இரண்டு கீழே என்று எல்லை வைத்திருப்பார்கள். அனுப்புகிற இடத்திலும் ஒலிக்கிற இடத்திலும் இந்த எல்லை ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தோடி பாடப் போய் ஆம்புலன்ஸ் சத்தம் வரும். கீபோர்டிலேயே கர்நாடக சங்கீதக் கச்சேரி செய்துவரும் கே. சத்தியநாராயணனின் வாசிப்பை அந்த அம்மாள் ஒரு முறை கேட்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். நம் பிள்ளைகள் அவ்வளவு தூரம் போவார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சக்கரம் எதற்கு இருக்கிறது என்றாவது தெரிந்துகொள்ளட்டும்.

பெற்றோர்களிடமும் ஒரு குறை உண்டு. கீபோர்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறோம். வகுப்புக்கு மாதா மாதம் கட்டுகிறோம். அது கணினியோடு எப்படிப் பேசுகிறது என்று அரை மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பதில்லை. கோளாறு என்றால் இன்ஜினீயரிங் படிக்கும் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடுகிறோம். அவன் வந்து, "அங்கிள், எல்லாத்தையும் அழிச்சிட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணிடலாம்" என்கிறான். சிக்னல் விழவில்லை என்று ஸ்டேஷனை இடித்துக் கட்டுவார்களா?

நான் கேட்பது அதிகம் இல்லை. செயற்குழு அந்த முடிவை அடுத்த கூட்டத்தில் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். முடிந்தால் டீக்கு முன்னால். பொங்கலன்று நாலு பாட்டுகளில் இரண்டுக்காவது குழந்தைகளே வாசிக்கட்டும். கையிருப்பாகப் பென்டிரைவும் இருக்கட்டும், நான் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் அது ஒலிக்க நேர்ந்தால், இன்று கருவி வேலை செய்யவில்லை, ஒலிப்பது பதிவு செய்த இசை என்று மைக்கில் சொல்லிவிட வேண்டும். வாசிக்காத விரலை யாரும் அசைக்கச் சொல்லக் கூடாது.

என் பங்குக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறேன். ஸ்டேஷன்களில் சிக்னல் கோளாறுப் பதிவேடு இருப்பதுபோல. எந்தத் துளையில் எந்தக் கேபிள், மென்பொருளில் கருவி எந்தப் பெயரில் தெரிகிறது, தடம் எந்தச் சேனல், பஃபர் எவ்வளவு, கடைசியாக யார் என்ன மாற்றினார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். லேப்டாப்பின் இடது துளையைச் சுற்றி மஞ்சள் நாடா ஒட்டியிருக்கிறேன். கேபிளின் நுனியிலும் அதே மஞ்சள். சனிக்கிழமைகளில் மாலை நாலு மணிக்குச் சங்க ஹாலில் இருப்பேன். வீட்டுக் கருவியையும் கேபிளையும் எடுத்துக்கொண்டு வரலாம். பிள்ளைகளை மட்டும் அனுப்பாமல் அப்பாவோ அம்மாவோ கூட வந்தால் நல்லது.

அந்தக் குழந்தை இப்போது கீபோர்டைத் தொடுவதில்லை என்று அவள் அம்மா சொன்னார். ஓவிய வகுப்புக்குப் போகிறாளாம். போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்று சொல்லி, மூடாத மென்பொருளையும் '2-' சமாசாரத்தையும் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினேன். மேடையில் அவளிடம் அப்படிச் சொன்னது என் தப்பு என்றும் சொன்னேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப கம்ப்யூட்டர் வரைக்கும் வந்துச்சா தாத்தா?" என்றாள். வந்தது என்றேன். சனிக்கிழமை வருவதாகச் சொல்லவில்லை. பரீட்சை முடியட்டும், பார்க்கலாம் என்றார் அவள் அம்மா. அதுவரை ஹாலில் அந்த மேசையை யாரும் நகர்த்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.